சராசரி சரி... மழை சரியா? கம்ப்யூட்டர் மாடல்களுக்கு ஒரு ரிப்போர்ட் கார்டு

2015 அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தில் பெய்த வடகிழக்குப் பருவமழை, இயல்பைவிட 53 சதவீதம் அதிகம். சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த ஆண்டு அதே மூன்று மாதங்களில் பெய்த மழை, இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வடகிழக்குப் பருவமழையின் இயல்பு அளவு சுமார் 44 செ.மீ. 2015-இல் பெய்தது சுமார் 67 செ.மீ. 2016-இல் பெய்தது சுமார் 17 செ.மீ. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 42 வருகிறது. கிட்டத்தட்ட இயல்பு!

காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தவருக்கும், மறு ஆண்டில் சம்பாப் பயிர் கண் முன்னே கருகியவருக்கும் அந்த 42 எந்த வகையிலும் உதவாது.

'2050-இல் இந்த மாவட்டத்தில் மழை எப்படி இருக்கும்?', 'வெயில் எவ்வளவு கூடும்?' என்ற கேள்விகளுக்கு இன்று பதில் தருபவை காலநிலை மாடல்கள். அந்தப் பதில்களை வைத்துத்தான் மழைநீர் வடிகால், அணை, பயிர்த் திட்டம் எல்லாம் பேசப்படுகின்றன. அப்படியானால் அந்த மாடல்களுக்குப் பரீட்சை வைத்தது யார்? எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் வாங்கின? சராசரியில் மட்டும் பாஸ் ஆகி, ஏற்ற இறக்கத்தில் கோட்டை விட்டனவா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் விஞ்ஞானிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

தமிழகத்துக்கு 13 கட்டங்கள்

காலநிலை மாடல் என்பது ஒரு பெரிய கம்ப்யூட்டர் புரோகிராம். காற்று எப்படி நகரும், கடல் எவ்வளவு ஆவியாகும், மேகம் எப்போது மழையாகும் என்பதற்கெல்லாம் இயற்பியல் சூத்திரங்கள் உண்டு. பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு சதுரத்துக்கும் அந்தச் சூத்திரங்களைப் போட்டு, சில நிமிடங்களுக்கு ஒரு முறை என்று பல பத்தாண்டுகளுக்குக் கணக்குப் போடும்.

உலகம் முழுவதையும் கணக்குப் போடும் மாடலில் ஒரு சதுரத்தின் பக்கம் 100 கி.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பது சகஜம். தமிழகத்தின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கி.மீ. அதாவது மொத்தத் தமிழகமும் 13 கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஒரு கட்டத்துக்கு ஒரு மழை அளவுதான்.

இதில் என்ன சிக்கல்? வால்பாறை பக்கம் உள்ள சின்னக்கல்லாரில் ஆண்டுக்கு 300 செ.மீ.க்கு மேல் மழை கொட்டும். மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதியில் இருக்கும் கோயம்புத்தூருக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 70 செ.மீ.தான். 100 கி.மீ. கட்டத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடலாம். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா, சுற்றுப்புறச் சமவெளியோடு சேர்த்துச் சராசரி ஆக்கப்பட்டு ஒரு சாதாரண மேடாகிவிடும். சுமார் 30, 40 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வரைபடத்தில் இருக்காது. அந்தக் கணவாய் வழியாக வீசும் காற்றும் கணக்கில் வராது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் வட்டார காலநிலை மாடல். உலகம் முழுவதையும் விட்டுவிட்டு, ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நுணுக்கமாகக் கணக்குப் போடுவது. கட்டத்தின் பக்கம் 50 கி.மீ. என்றால் தமிழகத்துக்கு சுமார் 50 கட்டங்கள். 25 கி.மீ. என்றால் 200-க்கு மேல். மலை மலையாகத் தெரிய ஆரம்பிக்கும். கடற்கரை வளைவுகளும் பிடிபடும்.

அமெரிக்காவில் 1989-இல் முதல் வட்டார மாடல்கள் வெளிவந்தன. 2009-இல் உலக காலநிலை ஆராய்ச்சித் திட்டம் 'கார்டெக்ஸ்' என்ற பெயரில், எல்லா நாட்டு வட்டார மாடல்களும் ஒரே விதிமுறையில் இயங்க வழி செய்தது. தெற்காசியாவுக்கான கார்டெக்ஸ் பணியைப் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் முன்னின்று நடத்துகிறது. இங்கிலாந்தின் ஹாட்லி மையம் உருவாக்கிய 'பிரெசிஸ்' என்ற வட்டார மாடலை அந்த நிறுவனமும், சென்னை அண்ணா பல்கலைக்கழகமும் பயன்படுத்தியிருக்கின்றன.

கட்டம் சிறியதானதால் படம் தெளிவாகிறது. ஆனால், தெளிவாக இருப்பதெல்லாம் சரியாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மங்கலான போட்டோவில் முகம் தெரியாது. தெளிவான போட்டோவில் வேறு ஒருவருடைய முகம்கூட இருக்கலாம். அதனால்தான் பரீட்சை.

பழைய வினாத்தாள்

2050-ஐப் பற்றிய கணிப்பு சரியா என்று பார்க்க 2050 வரை காத்திருக்க முடியாது. ஆகவே விஞ்ஞானிகள் கடந்த காலத்தை வினாத்தாளாக எடுக்கிறார்கள். நடந்து முடிந்த 20, 30 ஆண்டுகளை மாடலில் ஓட்டிப் பார்த்து, 'அப்போது எவ்வளவு மழை பெய்தது, சொல்!' என்று கேட்கிறார்கள். விடைத்தாள் கையில் இருக்கிறது.

அந்த விடைத்தாள் ஊர் ஊராக வைக்கப்பட்டிருக்கும் மழைமானிகளிலிருந்து வருவது. இந்திய வானிலை ஆய்வு மையம் நாடு முழுவதும் 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளைத் தொகுத்து, 1901 முதல் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 25 கி.மீ. கட்டங்களில் மழை அளவைத் தரும் தொகுப்பை 2014-இல் வெளியிட்டது. வட்டார மாடல்களைத் திருத்துபவர்களுக்கு இது பொக்கிஷம். கூடவே, செயற்கைக்கோள்களின் மழைப் பதிவுகளும் உண்டு.

விடைத்தாளிலும் குறைகள் உண்டு. காட்டுக்குள்ளும் மலை முகட்டிலும் மழைமானிகள் குறைவு. அதனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் உண்மையான மழை, பதிவில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும். கவனமான ஆய்வாளர்கள் ஒரே ஒரு தொகுப்போடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டு மூன்று தொகுப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான்.

பரீட்சை வைக்கும் பழக்கம் இந்தத் துறையில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்த இங்கிலாந்து விஞ்ஞானி லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், 1910 மே 20-ஆம் தேதியின் வானிலையை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். 145 மில்லிபார் என்று விடை வந்தது. உண்மையில் அன்று காற்றழுத்தம் அசையவே இல்லை என்று சொல்லலாம். மனிதர் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. 1922-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் அதை அப்படியே அச்சிட்டார். தொடக்கத் தரவில் இருந்த கோளாறுதான் காரணம், முறை சரியானதே என்பது பின்னால் தெரிந்தது. இன்றைய கம்ப்யூட்டர் வானிலைக் கணிப்பு அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறது.

மூன்று மாணவர்கள்

மாடலுக்கு எப்படி மார்க் போடுவது? கற்பனையாக மூன்று மாடல்களை எடுத்துக்கொள்ளலாம். கேள்வி ஒன்றுதான்: 2015, 2016, 2018, 2021 ஆகிய நான்கு ஆண்டுகளில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை எவ்வளவு?

உண்மையில் பெய்தது ஏறக்குறைய இப்படி: 67, 17, 33, 71 செ.மீ. சராசரி 47.

மாடல் 'அ' சொல்கிறது: 46, 48, 47, 47. சராசரி 47.

மாடல் 'ஆ' சொல்கிறது: 25, 70, 62, 31. சராசரி 47.

மாடல் 'இ' சொல்கிறது: 57, 9, 24, 62. சராசரி 38.

சராசரியை மட்டும் பார்த்தால் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் நூற்றுக்கு நூறு. 'இ' 9 செ.மீ. குறைத்துச் சொல்லிவிட்டது, ஃபெயில்!

ஆனால் எண்களை மறுபடி ஒரு முறை பார்த்தால் கதை மாறுகிறது. 'அ'வுக்கு வெள்ளமும் தெரியவில்லை, வறட்சியும் தெரியவில்லை. எல்லா வருடமும் அதற்கு ஒரே வருடம்தான். 'ஆ' இன்னும் மோசம். வெள்ள வருடத்தை வறட்சி என்றும், வறட்சி வருடத்தை வெள்ளம் என்றும் தலைகீழாகச் சொல்கிறது. 'இ'தான் எந்த வருடம் ஏறும், எந்த வருடம் இறங்கும் என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. எப்போதும் ஒரே அளவு குறைத்துச் சொல்வது அதன் பழக்கம். பத்து நிமிடம் பின்னால் ஓடும் கடிகாரம் மாதிரி. பழக்கம் தெரிந்துவிட்டால் கூட்டிக்கொள்ளலாம்.

இதனால்தான் மதிப்பெண் போடும்போது மூன்று விஷயங்கள் தனித்தனியாகப் பார்க்கப்படுகின்றன. சராசரியில் எவ்வளவு பிசகு? ஏற்ற இறக்கத்தின் அளவு உண்மையை ஒத்திருக்கிறதா? ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்குகிறதா? ஏற்ற இறக்கம் தொடர்பான இரண்டு அளவுகளையும் மீதிப் பிழையையும் ஒரே படத்தில் புள்ளியாகக் காட்டும் வழியை அமெரிக்க விஞ்ஞானி கார்ல் டெய்லர் 2001-இல் வெளியிட்டார். 'டெய்லர் வரைபடம்' என்ற அந்தப் படம், மாடல்களை மதிப்பிடும் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றைக்கும் தவறாமல் இடம்பெறுகிறது.

தமிழகத்துக்கு ஏற்ற இறக்கப் பாடம் ஏன் முக்கியம்? இந்தியா முழுமைக்குமான தென்மேற்குப் பருவமழை ஆண்டுக்கு ஆண்டு சராசரியிலிருந்து சுமார் 10 சதவீதம் கூடும், குறையும். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ கால் பங்கு அளவுக்கு ஆடும். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில்தான் வர வேண்டும். 2018-இல் அது கால் பங்கு குறைந்ததன் விளைவை 2019 கோடையில் சென்னை பார்த்தது. ஏரிகள் வறண்டன, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

காரணத்துக்கும் மார்க் உண்டு

கணக்குப் பரீட்சையில் விடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. வழிமுறைக்கும் மார்க் உண்டு. மாடல்களுக்கும் அப்படியே. விடை சரியாக இருந்து வழி தவறாக இருந்தால், இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வந்திருக்கிறது என்று பொருள். எதிர்காலத்தில் அந்த அதிர்ஷ்டம் தொடராது.

வடகிழக்குப் பருவமழையின் வழிமுறையில் இரண்டு பெரிய கைகள் உண்டு. ஒன்று, பசிபிக் பெருங்கடலில் நிகழும் எல் நினோ. மற்றொன்று, இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் இடையே ஏற்படும் வெப்ப வேறுபாடு. 'இந்தியப் பெருங்கடல் இருமுனை' என்று 1999-இல் பெயர் பெற்றது அது.

இங்கேதான் மாடல்களுக்கு ஒரு கிடுக்கிப்பிடி இருக்கிறது. எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம். அதே எல் நினோவால் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை கூடும் வாய்ப்பு அதிகம். 2015-ஐப் பார்த்தாலே தெரியும். கடுமையான எல் நினோ ஆண்டு அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்டின் மழை 14 சதவீதம் குறைந்தது. அக்டோபருக்குப் பின் தமிழகம் வெள்ளத்தில் தத்தளித்தது. ஒரே காரணம், நான்கு மாத இடைவெளியில் எதிரெதிர் விளைவு.

நல்ல மாடல் இரண்டையும் காட்ட வேண்டும். 'எல் நினோ என்றால் மழை குறையும்' என்று ஒரே பாடத்தை எல்லா மாதத்துக்கும் ஒப்பிக்கும் மாடல், தென்மேற்குப் பருவமழையில் நல்ல மார்க் வாங்கிவிட்டு வடகிழக்குப் பருவமழையில் தோற்கும்.

இதுவும் கல்லில் எழுதிய விதி கிடையாது. 2010, 2021 இரண்டும் எல் நினோவுக்கு எதிரான லா நினா ஆண்டுகள். ஆனாலும் தமிழகத்தில் மழை இயல்பைவிட நிறைய பெய்தது. காரணங்களின் பங்கை உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் காட்டுகிறதா என்பதே மாடலுக்கான கேள்வி.

தூறிக்கொண்டே இருக்கும் மாடல்

மொத்த மழை சரியாக இருந்தாலும், அது பெய்த விதம் தவறாக இருக்கலாம். உதாரணத்துக்கு 2023. அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பை ஒட்டியே இருந்தது. ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை மூழ்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் பெருமழை புரட்டிப்போட்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. மாநிலத்துக்கு மூன்று மாதத்தில் பெய்ய வேண்டிய சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல், ஒரே நாளில் ஓர் ஊரில்!

பல மாடல்களுக்கு இந்த இடத்தில்தான் நாக்குத் தள்ளும். இடி மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். 50 கி.மீ. கட்டத்துக்குள் அதைத் தனியாகப் பார்க்க முடியாது. அதனால், 'இவ்வளவு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இவ்வளவு மழை' என்று தோராயமான ஒரு விதியைப் புரோகிராமில் எழுதி வைக்கிறார்கள். அந்த விதி பல நேரம் கொஞ்சம் ஈரம் சேர்ந்ததுமே மழையைத் திறந்துவிடும். விளைவு, உண்மையில் பத்து நாள் வெயிலும் ஒரு நாள் பெருமழையும் இருக்கும் ஊரில், மாடல் பதினோரு நாளும் தூறல் போட்டுக்கொண்டிருக்கும். மொத்தம் சரியாக வந்துவிடும். ஆனால், வடிகால் கட்டும் இன்ஜினீயர் தூறலை நம்பிக் குழாயின் அகலத்தைத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

3, 4 கி.மீ. கட்டங்கள் கொண்ட புதிய தலைமுறை மாடல்களில் இந்தத் தோராய விதி பெரிய அளவில் தேவைப்படுவதில்லை. பெரிய இடி மேகங்களை அவை நேரடியாகவே கணக்கிடுகின்றன. ஆனால் அதற்கு ஆகும் கம்ப்யூட்டர் செலவு மிக அதிகம்.

ரிசல்ட் என்ன?

சரி, இத்தனை பாடங்களிலும் வட்டார மாடல்கள் எப்படித் தேறின?

வெப்பநிலைப் பாடத்தில் பொதுவாக நல்ல மார்க். பருவத்துக்குப் பருவம் வெப்பம் கூடிக் குறைவதையும், மலை ஏற ஏறக் குளிர்வதையும் நன்றாகவே காட்டுகின்றன. மழைப் பாடத்தில் கலவையான ரிசல்ட். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை வரிசை, மழை மறைவுப் பகுதி போன்ற நில அமைப்பு சார்ந்த விஷயங்களில் உலக மாடல்களைவிடத் தெளிவு. ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்தில் மாடலுக்கு மாடல், பருவத்துக்குப் பருவம் மார்க் மாறுகிறது. தெற்காசியப் பருவமழையில், தங்களுக்கு விவரம் கொடுத்த உலக மாடலைவிட வட்டார மாடல் எல்லா விஷயத்திலும் மேம்பட்டுவிடவில்லை என்று கண்டறிந்த ஆய்வுகளும் உண்டு.

இதற்கு ஒரு காரணம் எளிமையானது. வட்டார மாடல் தன் எல்லைக்குள் மட்டும்தான் கணக்குப் போடும். எல்லைக்கு வெளியிலிருந்து வரும் காற்றும் ஈரமும் எவ்வளவு என்பதை உலக மாடல்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான வட்டார மாடல்களுக்குக் கடலின் வெப்பத்தையும் அதுவே தருகிறது. மாவு சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல தோசைக்கல்லாக இருந்தாலும் தோசை சரியாக வராது.

இந்தக் கதை இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அரபிக்கடலுக்கு அந்தப் பக்கம், கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா, சோமாலியா பகுதிகளுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மழைக்காலம் உண்டு. அங்கும் எல் நினோவும் இந்தியப் பெருங்கடல் இருமுனையும்தான் ஆட்டுவிக்கின்றன. 1997-லும் 2019-லும் அங்கே பெருவெள்ளம் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்க மழையில் பத்து வட்டார மாடல்களைப் பரீட்சித்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. முக்கியமான அம்சங்களைப் பெரும்பாலான மாடல்கள் காட்டின. ஆனால் தனித்தனி மாடல்களில், இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் குறிப்பிடத்தக்க பிசகுகள் இருந்தன. எல்லா மாடல்களையும் சேர்த்து எடுத்த சராசரி, தனி மாடல்களைவிட நன்றாக இருந்தது. ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் தவறுவதால், சேர்க்கும்போது தவறுகள் ஓரளவு கழிந்துபோகின்றன.

அதே கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது. மார்ச் முதல் மே வரையிலான அங்குள்ள பெரிய மழைக்காலம், எதிர்காலத்தில் கூடும் என்று பல உலக மாடல்கள் சொல்லின. ஆனால் 1980-களுக்குப் பின் பல ஆண்டுகள் அந்த மழை குறைந்துகொண்டே போய், அடிக்கடி வறட்சி வந்தது. விஞ்ஞானிகள் இதற்கு 'கிழக்கு ஆப்பிரிக்கப் புதிர்' என்றே பெயர் வைத்து இன்றும் விவாதிக்கிறார்கள். 'மழை கூடும்' என்ற ஒரு வரியை மட்டும் நம்பி அங்கே ஒரு விவசாயத் திட்டம் போட்டிருந்தால், அது வறட்சியில் மாட்டியிருக்கும்.

மேக்கப் போட்ட எண்கள்

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. மாடல் தரும் எண்கள் அப்படியே திட்ட அறிக்கைக்குப் போவதில்லை. பழைய ஆண்டுகளில் எவ்வளவு பிசகு இருந்ததோ அந்த அளவுக்குக் கூட்டியோ குறைத்தோ 'பிசகு திருத்தம்' செய்யப்படுகிறது. மேலே பார்த்த மாடல் 'இ'க்கு இது அருமையான மருந்து. எல்லா ஆண்டுக்கும் 9 செ.மீ. கூட்டினால் ஏறக்குறைய சரியாகிவிடும்.

மாடல் 'ஆ'வுக்கு? அதன் சராசரி ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது, திருத்த ஒன்றுமில்லை. தலைகீழாக ஆடும் மழை தலைகீழாகவே இருக்கும். சராசரியைப் பொருத்திவிடும் திருத்தம், காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட மாடலைக் காப்பாற்றாது. திருத்தியபின் எல்லா மாடல்களும் பார்க்க ஒரே மாதிரி அழகாக இருப்பதால், எது எந்தப் பாடத்தில் ஃபெயில் என்பது வெளியே தெரியாமல் போகும் ஆபத்தும் உண்டு.

பலரும் தடுமாறும் ஒரு இடமும் உண்டு. மாடலுக்கு நிஜமான பழைய வானிலையை எல்லையில் கொடுத்து ஓட்டினால், அதன் 2015-ஐ உண்மையான 2015-ஓடு ஒப்பிடலாம். உலக மாடலின் விவரத்தைக் கொடுத்து ஓட்டினால் அப்படி ஒப்பிடக் கூடாது. ஏனென்றால் அந்த மாடலின் உலகில் எல் நினோ வேறொரு ஆண்டில் வந்திருக்கும். அங்கே பார்க்க வேண்டியது, 30 ஆண்டுகளில் எத்தனை வெள்ளம், எத்தனை வறட்சி, எவ்வளவு ஆட்டம் என்பதைத்தான். 'மாடல் 2015 வெள்ளத்தைச் சொல்லவே இல்லையே' என்று அதைக் குறை கூறுவதும் தவறு. '2047-இல் வெள்ளம் வரும் என்று மாடல் சொல்லிவிட்டது' என்று தலைப்புச் செய்தி போடுவதும் தவறு.

கேட்க வேண்டிய கேள்விகள்

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்போ மாடல் எதையும் நம்பக் கூடாதா?' என்று கேட்டால், அது சரியான முடிவாக இருக்காது. பசுமை இல்ல வாயுக்கள் கூடினால் பூமி சூடாகும் என்பதை மாடல்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லின, அது நடந்துகொண்டிருக்கிறது. ஒரு மாணவன் கணக்கில் 95, வரலாற்றில் 40 வாங்கினால் அவனைப் பள்ளியை விட்டு யாரும் அனுப்புவதில்லை. வரலாற்றுச் சந்தேகத்தை அவனிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு மாவட்டத்தின் எதிர்கால மழை பற்றி, 'இத்தனை சதவீதம் கூடும்' என்று ஓர் அறிக்கை வரும்போது, உள்ளாட்சிப் பிரதிநிதியோ விவசாயச் சங்கமோ கல்லூரி மாணவரோ கேட்கக்கூடிய கேள்விகள் நான்கு உண்டு.

ஒன்று: இது ஒரே மாடலின் விடையா, பல மாடல்களின் விடையா? பல என்றால் அவற்றுக்குள் வித்தியாசம் எவ்வளவு?

இரண்டு: இந்த மாடல்கள் பரீட்சிக்கப்பட்டது தென்மேற்குப் பருவமழையிலா, வடகிழக்குப் பருவமழையிலா? ஜூலையில் வாங்கிய மார்க்கை நவம்பருக்குக் காட்டக் கூடாது.

மூன்று: சராசரியை மட்டும் பார்த்தார்களா, ஆண்டுக்கு ஆண்டு ஆட்டத்தையும் ஒரு நாள் பெருமழையையும் பார்த்தார்களா?

நான்கு: பிசகு திருத்தத்துக்கு முன்னால் மார்க் எவ்வளவு?

இந்த நான்குக்கும் அறிக்கையிலேயே பதில் இருந்தால், அதை நம்பித் திட்டம் போடலாம். இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். வடிகாலின் அகலமும் ஏரிக்கரையின் உயரமும் 44 செ.மீ. என்ற சராசரிக்காகக் கட்டப்படுவதில்லை. 67-உம் 17-உம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும் ஊருக்காகத்தான் அவை கட்டப்பட வேண்டியிருக்கிறது.